பார்கவியின் பெயர் பள்ளிக்கூடத்தில் இருந்தது

பார்கவி அம்மாவை எழுப்பும் விதம் இதுதான். கட்டில் விளிம்பில் அம்மாவை உட்காரவைத்து, இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று பார்ப்பாள். பலமில்லாத வலது முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுப்பாள். இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, எந்திரி" என்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, யூடியூபில் பார்த்துப் பழகியது. நான் முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது அவளுக்குப் பதினாறு வயது.

வீடு ஆஸ்திரேலியாவில், டார்னெய்ட்டில். பின்வேலிக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் அவளுடைய பள்ளிக்கூடம். அங்கே மணி அடிப்பதில்லை, வகுப்பு தொடங்கும்போது ஒலிபெருக்கியில் ஒரு பாட்டைப் போடுவார்கள். அந்தப் பாட்டு, சமைத்துக்கொண்டு நின்றால், குசினிவரை கேட்கும். பள்ளிக்கூடத்தில் பார்கவியின் பெயர் இருந்தது, பெரும்பாலான நாட்களில் அவள் இருந்ததில்லை.

அவளுடைய அப்பா குணசேகரனை நான் சிறி என்பவரின் மளிகைக் கடையில் கண்டேன். நாமக்கல் பக்கத்து ஆள். இங்கே ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்து, இடுப்பு வட்டு விலகி, வேலையை விட்டவள் என்று சிறி சொல்லியிருக்க வேண்டும். அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று மெல்லக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, ஒருவாட்டி வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போறீங்களா? ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்க."

"என்ன தம்பி, ஆரையும் வெட்டி வீட்டில வச்சிருக்கிறீரோ?"

அவர் சிரிக்கவில்லை. கார்ச் சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டு நின்றார். போனேன்.

முன் ஜன்னல்களின் திரைகள் எல்லாம் இழுத்து விடப்பட்டிருந்தன. உள்ளே அவருடைய மனைவி தமயந்தி ஒரு சாய்வுக் கதிரையில் இருந்தாள். பக்கவாதம். வலது கை மடியில் கிடந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு குழறியது. நாற்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தோல் சுத்தமாக இருந்தது, படுக்கைப் புண் இல்லை, நகம் வெட்டியிருந்தது. இந்த வேலையை யாரோ ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று தெரிந்தது.

"ஆர் கழுவித் துடைக்கிறது?"

"நான்தான் ஆன்ட்டி" என்றாள் பார்கவி. பள்ளிக்கூடச் சீருடையில்தான் நின்றாள். காலையில் போட்டிருக்கிறாள், கழற்ற நேரம் கிடைத்திருக்காது.

வெளியே தெரியக் கூடாது என்பதற்கான காரணத்தைக் குணசேகரன் சொன்னார். அவர் வந்திருப்பது முதலாளி பொறுப்பெடுத்த வேலை விசாவில். இன்னும் இரண்டு வருடம் போனால் நிரந்தர விசாவுக்கு எழுதலாம், எல்லோரும் பி.ஆர் என்று சொல்வது அதைத்தான். அதற்கு வீட்டில் எல்லாருக்கும் உடல் பரிசோதனை உண்டு. ஒருவர் தோற்றால் முழுக் குடும்பமும் தோற்றது. இதை ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதுவரை உண்மைதான். அதற்குமேல் அவராகச் சேர்த்துக்கொண்டது ஒன்று இருந்தது.

"இப்ப யாருக்காச்சும் தெரிஞ்சா ரெக்கார்டு ஆயிருங்கம்மா. ரெண்டு வருஷத்துல அவளை நடக்க வெச்சுட்டம்னா மெடிக்கல்ல ஒண்ணும் தெரியாதுங்க."

"ஆஸ்பத்திரியில ஏற்கெனவே பதிஞ்சிருக்குமே."

"அது இன்சூரன்ஸுங்க. பிரைவேட்."

"சரி, பள்ளிக்கூடத்துக்காவது சொன்னனீரோ?"

"ஐயோ, ஸ்கூலு கவர்மென்ட்டாச்சுங்களே!"

அந்த வீட்டின் தலைவிதி அந்தப் பதிலில்தான் இருந்தது. மகள் வகுப்புக்கு வராத நாட்களில் பள்ளிக்கூடத்திலிருந்து அவருடைய போனுக்குச் செய்தி வரும். அவர் பட்டறையில் நின்றபடியே காரணம் அனுப்புவார். ஒரு நாள் வயிற்றுவலி, ஒரு நாள் தலைவலி, அனேகமான நாட்களில் பல் டாக்டர். அத்தனை தடவை நோவதற்கு ஒரு வாயில் பல் போதாது.

நான் வாரத்தில் இரண்டு நாள் போகத் தொடங்கினேன். என் இடுப்புக்கு ஆள் தூக்கக் கூடாது. உட்கார்ந்து உணவு ஊட்டலாம், கைக்குப் பயிற்சி கொடுக்கலாம், பேச வைக்கலாம். தூக்குவது, கழுவுவது, கழிப்பறைக்குக் கொண்டுபோவது எல்லாம் பார்கவிதான்.

அவளுக்கு ஒரு வயது இளையவன் ஆதவன். அவன் ஒவ்வொரு நாளும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். இதை அந்த வீட்டில் யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பொம்பிளையின் உடம்பை மகன் கழுவ முடியாது, மகள் கழுவலாம், அவ்வளவுதான். அவனும் கெட்ட பையனில்லை. அக்காவுக்கு வேதியியல் சோதனை இருந்த ஒரு நாள், தான் வீட்டில் நிற்பதாகச் சொல்லி அவளை அனுப்பியிருக்கிறான். நான் மத்தியானம் போனபோது இருவரும் குசினியில் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டா அங்க வந்த? பாதி பேப்பர்ல கூப்பிட்டுட்டாங்க!"

"அம்மா நனஞ்சுடுச்சு. காலைல இருந்து அப்படியே உக்காந்துருக்கு. நான் மாத்தறேன்னா அழுவுது. I said I'd close my eyes!"

"கண்ண மூடிட்டு எப்படிடா கழுவுவ, லூசு?"

"அதான் ஓடி வந்தேன்."

"ஆபீஸ்ல என்ன சொன்ன?"

"வீட்டுச் சாவி தொலஞ்சு போச்சுன்னு."

"சாவியா? எங்க அக்கா கழுத்துல கட்டிருக்கான்னியா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பார்கவி சிரித்துக்கொண்டே அழுக்குத் துணியைச் சலவை இயந்திரத்துக்குள் போட்டாள். தமயந்தி சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். அந்தச் சோதனையை மறுபடி எழுதக் கேட்டிருக்கலாம், காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல முடியாததால் பார்கவி கேட்கவில்லை.

அவளிடம் நேரே கேட்டேன்: "பிள்ளை, பள்ளிக்கூடத்தில ஆரோ ஒரு ரீச்சர் இதுக்கெண்டே இருப்பா. அவவிட்டப் போய்ச் சொல்லன். நாள் குறைச்சு, பாடம் குறைச்சு, ரெண்டு வருசப் படிப்பை மூண்டு வருசத்தில முடிக்க விடுவினம்."

"தெரியும் ஆன்ட்டி. மிஸ் ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. அம்மா தலையில என் கையை வெச்சு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு."

வீட்டின் நடை நீளமானது. கட்டில் அறை வாசலில் தொடங்கி, சலவை அறைக் கதவில் முடியும். தமயந்திக்கு நடைப்பயிற்சி அங்கேதான். அந்தக் கதவுக்குப் பிள்ளைகள் பி.ஆர் என்று பெயர் வைத்திருந்தார்கள். "வாம்மா, இன்னிக்கு பி.ஆர் வரைக்கும் போயிட்டு வந்துரலாம்" என்பாள் பார்கவி. பாதி வழியில் தமயந்தி நின்றுவிட்டால், "விசா ரிஜெக்ட்" என்று ஆதவன் தன் அறையிலிருந்து கத்துவான். அப்போது தமயந்தியும் வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் கால் பலம் வந்த அளவுக்குக் கை வரவில்லை. வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன். குணசேகரன் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடத்தில் ஒரு நாள் பார்கவி சாப்பாட்டு மேசையில் உலகப் படம் ஒன்றை விரித்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். புவியியல் பாடத்துக்குச் செய்து கொடுக்க வேண்டிய ஒப்படை. உலக நாடுகளில் இடைநிலைப் பள்ளியில் பெயர் பதிந்த பெண் பிள்ளைகள் எத்தனை, ஆண் பிள்ளைகள் எத்தனை என்ற தலைப்பை அவளே எடுத்திருந்தாள். பெண்கள் மிகக் குறைந்த இடங்களுக்குக் கடும் சிவப்பு. ஆண்கள் குறைந்த இடங்களும் இருந்தன, அவற்றுக்கு ஊதா. ஏறக்குறையச் சமமான நாடுகளுக்குப் பச்சை. ஆஸ்திரேலியாவை முழுக்கப் பச்சையாகத் தீட்டினாள்.

"ஸ்கூல் லிஸ்ட்ல எனக்கு ஒரு பேரு, தம்பிக்கு ஒரு பேரு. சமம்" என்றாள்.

தமயந்தி எதையோ சொல்ல முயன்றாள். இரண்டு மூன்று தடவை கேட்டபிறகுதான் விளங்கியது. பத்தாவது, பஸ், அண்ணன். மீதியைப் பார்கவி சொன்னாள். பதினோராம் வகுப்புக்கு அவர்கள் ஊரிலிருந்து ராசிபுரத்துக்கு பஸ்ஸில் போகவேண்டுமாம். அண்ணன் போனான். பெண் பிள்ளை பஸ்ஸில் போகவேண்டாம் என்று தமயந்தியை நிறுத்திவிட்டார்கள். குணசேகரனுக்கு ஆஸ்திரேலியா வேலை வந்தபோது, அவர் தான் மட்டும் போய்ச் சில வருடத்தில் திரும்புகிறேன் என்றிருக்கிறார். பிள்ளைகளோடு போனால்தான் போவது என்று நின்றவள் தமயந்தி. பார்கவிக்கு இங்கே பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் கிடைத்தது அவளுக்குப் பெரிய வெற்றி.

அந்த ஒப்படையை வகுப்பில் நின்று விளக்க வேண்டிய நாளில் தமயந்திக்குச் சிறுநீரில் தொற்று, கடும் காய்ச்சல். பார்கவி போகவில்லை. படம் சுருட்டியபடி குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது.

வருட முடிவில் வகுப்புக்கு வந்த நாட்கள் போதாது என்று பெரும்பாலான பாடங்களில் அவளைத் தேறவிடவில்லை. அப்பாவையும் மகளையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார்கள். அங்கே நடந்ததைப் பார்கவி எனக்குச் சொன்னது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது.

"மிஸ் அப்பாகிட்டக் கேட்டாங்க, வீட்ல ஏதாச்சும் கஷ்டமா, நாங்க உதவி பண்ணலாமான்னு. அப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல, she is not interested, lazy girl அப்படின்னுட்டாரு."

"நீ என்ன சொன்னனி?"

"மிஸ் என்னைப் பாத்தாங்க. ஆமான்னு தலையாட்டினேன்."

"கொப்பர் பிறகு ஏதும் சொன்னவரோ?"

"கார்ல அழுதாரு. 'சாமி, மன்னிச்சுரு சாமி'ன்னாரு. ரோட்டப் பாத்து ஓட்டுங்கப்பான்னேன்."

அடுத்த வருடம் அதே வகுப்பில் மறுபடி பெயர் பதிந்தார்கள். இப்போது தம்பியும் அவளும் ஒரே வகுப்பு. இருவர் பெயரும் ஒரே பட்டியலில். அவன் போனான், இவள் முடிந்த நாட்களில் போனாள். ஆங்கில வகுப்பில் அவன் எழுதிய குறிப்புகளைப் பார்த்து இரவில் எழுதிக்கொள்வாள். மெடிக்கல் முடிந்துவிட்டால் போதும், பிறகு யாரிடமும் மறைக்க வேண்டாம், பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு ஒழுங்காகப் படிக்கலாம் என்பதே அவளுடைய கணக்கு. அதற்காகவே அம்மாவை அந்த நடையில் அப்படி நடக்க வைத்தாள். சில நாட்களில் இரக்கமே இல்லாமல்.

மெடிக்கல் வந்தது. அன்றைக்குத் தமயந்திக்கு முழுக்கைச் சட்டை போட்டு, வலது கையில் ஒரு கைப்பையை மாட்டிவிட்டாள் பார்கவி. தமயந்தி கார் நிறுத்துமிடத்திலிருந்து டாக்டரின் அறைவரை யாரையும் பிடிக்காமல் நடந்தாள். அதை நான் பார்க்கவில்லை. குணசேகரன் சொன்னார்.

"நல்லாத்தான் நடந்தாளுங்கம்மா. பி.ஆர் தூரத்தைவிட டபுள். டாக்டர் கதவைத் தெறந்து, அவ வர்றதப் பாத்துட்டு நின்னாரு. மொதக் கேள்வியே, 'எப்போ ஸ்ட்ரோக் வந்துச்சு?' அப்படின்னாருங்க."

"பிறகு?"

"பிறகென்னங்க. சொல்லிட்டேன்."

விசா வேலையைப் பார்த்தது கேத்ரின் என்ற வக்கீல், மலேசியத் தமிழ்ப் பெண். வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும் குணசேகரன் பக்கம் திரும்பினார்.

"ஸ்கூல்ல ஏன் சொல்லல?"

"இமிக்ரேஷனுக்குப் போயிரும்னுங்க."

"ஸ்கூலுக்கும் இமிக்ரேஷனுக்கும் என்ன சம்பந்தம், அண்ணா? அங்க சொன்னா அங்கயே இருக்கும். மறைச்சதுல உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் நாளே என்கிட்ட வந்திருந்தாலும் இதே வழியைத்தான் சொல்லியிருப்பேன்."

வழி இதுதான். உடல்நலக் குறையை மன்னித்து விசா தரச்சொல்லிக் கேட்கலாம். இந்த நோயாளியால் அரசாங்கத்துக்குப் பெரிய செலவு வராது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

"பகல்ல யாரு பாத்துக்கிறா?" என்று கேத்ரின் கேட்டார்.

குணசேகரன் மேசையைப் பார்த்தார். ஆதவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். பார்கவி அம்மாவின் வாயோரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எத்தனை வயசும்மா?"

"போன மாசம் பதினெட்டு."

"முழுநேரமும் நீதான் பாத்துக்கிறேன்னு எழுதணும். ஆனா ஸ்கூல்ல உன் பேர் இருக்கு. முழுநேரப் பராமரிப்பும் முழுநேரப் படிப்பும் ஒண்ணா எழுதினா, அப்ளிகேஷனைப் படிக்கிற ஆபீசர் கேப்பார், இது எப்படின்னு." கேத்ரின் இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க. எனக்கும் இது புடிக்கல."

"நான் நிக்கிறேன்" என்றான் ஆதவன் குசினியிலிருந்து. "I'm serious. என் பேரை எடுத்துருங்க."

தமயந்தி இடது கையால் மேசையில் தட்டினாள். "வேணாம்." அது ஒன்றுதான் தெளிவாக வந்தது. யார் வேண்டாம், எது வேண்டாம் என்று அவள் மேலே சொல்லவில்லை. ஆதவன் அங்கேயே நின்றான். பிறகு தன் அறைக்குப் போய்விட்டான்.

வீட்டுப் பராமரிப்பு எப்படி நடக்கிறது என்று பயிற்சி பெற்ற ஒருவர் எழுதிக் கொடுத்தால் பலம் என்று கேத்ரின் என்னைப் பார்த்தார். எல்லோரும் போனபிறகு பார்கவி தேத்தண்ணீர் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க ஆன்ட்டி. நல்லா பாத்துக்கிறான்னு எழுதுங்க. பொய் இல்லல்ல?"

"பொய் இல்லை."

"அப்புறம் என்ன?"

"உன்ர படிப்பு?"

"விசா கெடைக்கலேன்னா எல்லாரும் ஊருக்குப் போகணும். தம்பிக்குத் தமிழ் எழுதறதே மறந்துபோச்சு. அவன் படிப்பும் போயிரும். இதுல ஒண்ணாச்சும் மிஞ்சும்ல?"

எழுதினேன். தோல், தூக்கும் முறை, மருந்து நேரம், எல்லாம் திருத்தமாக நடக்கிறது என்று. மறுவாரம் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெயரை எடுத்தாள். மிஸ் அவளைக் கட்டிப்பிடித்து, என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்றாராம். சீருடைகளைத் துவைத்து மடித்து, பழைய சீருடை விற்கும் மேசையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

விசா வந்தது. குணசேகரன் சிறியின் கடையில் லட்டு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். ஜன்னல் திரைகளை விலக்கினார்கள். ஆதவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியல் படிக்கக் கிளேட்டனுக்குப் போகிறான், போகவர ரயிலிலேயே பாதி நாள்.

விசா கையில் கிடைத்த வாரமே நான் குணசேகரனிடம் சொன்னேன்: "தம்பி, இப்ப நீங்கள் நிரந்தரம். இயலாத ஆக்களுக்கான அரசாங்க உதவிக்கு எழுதிப்போடலாம். காலமையில ஒரு பொம்பிளை வந்து கழுவித் துடைச்சுவிடுவா. பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும். இன்னும் சேர்ப்பினம்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஏனுங்கம்மா, கவர்மென்ட்டுக்குச் செலவே வராது, நாங்களே பாத்துக்குவம்னு எழுதிக் குடுத்திருக்கமே. இப்பப் போயிக் கேட்டா, பொய் சொல்லிட்டீங்கன்னு விசாவைப் புடுங்க மாட்டாங்களா?"

"மாட்டினம். கேத்ரினைக் கேட்டுப் பாரும்."

கேத்ரின் போனில் அதையே சொன்னார். பிடுங்க மாட்டார்கள், உரிமை இருக்கிறது, தாராளமாகக் கேளுங்கள் என்று. ஒலிபெருக்கியில் போட்டு நாங்கள் எல்லோரும் கேட்டோம். குணசேகரன் "சரிங்க, சரிங்க" என்றார். போனை வைத்துவிட்டு, "சிட்டிசன்ஷிப் வரட்டும். அதுக்கப்புறம் ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"அதுக்கு இன்னும் வருசக்கணக்கில கிடக்குது."

"இத்தன நாள் இருந்தாச்சுங்களேம்மா."

பார்கவியைப் பார்த்தேன். நீயாவது சொல்லு என்று அர்த்தம். அவள் மாத்திரைப் பெட்டியில் மாத்திரைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்குப் பயம் ஆன்ட்டி" என்றாள். "எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

நான் இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். மெடிக்கலுக்குப் பிறகு தமயந்தி அந்தச் சலவை அறைக் கதவுவரை நடப்பதில்லை. கழிப்பறைவரை போவாள், திரும்புவாள். கூப்பிட்டால் தலையை ஆட்டி மறுப்பாள். அவளுடைய வலது கால் மெலிந்துகொண்டு வருகிறது. அதனால் தூக்கும் பாரம் கூடியிருக்கிறது. பார்கவி கீழ்முதுகில் வெந்நீர்ப் பை கட்டிக்கொண்டு வேலை செய்கிறாள். இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த முதுகு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், என்னுடையது அங்கேதான் முடிந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் உள்ளே வந்தபோது, பின்வேலிக்கு அப்பால் பள்ளிக்கூடத்துப் பாட்டு தொடங்கியது. பார்கவி அம்மாவின் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, பட்டியைப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, எந்திரி."

தமயந்தி எழவில்லை. வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்கவி பட்டியை விடாமல் குனிந்தபடியே நின்றாள். பாட்டு முடிந்தது.

"ம்மா. ஒண்ணு, ரெண்டு."